மூன்று பாகம் வயர்

என் வேலை மேசையில் ஆறு கருவிகள் இருந்தன. ஆறும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்த்துக் கதைக்காத சகோதரங்கள் மாதிரி. ஒரு படகு ரேடியோ செற்றைக் கொண்டுவந்து முதலாவது கருவியில் கொழுவினால் ஓர் எண்ணைக் காட்டும். அதே செற்றை அடுத்ததில் கொழுவினால் வேறோர் எண். மூன்றாவது, இரண்டு பேரையும் சமாதானப்படுத்துவது போல நடுவில் ஓர் எண்ணைச் சொல்லும். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அலைவரிசை அளக்கிறவளுக்கு அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் சோறு இருக்கிறது.

குற்றம் கருவிகளுடையது அல்ல. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு சின்னப் படிகம் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பை எண்ணித்தான் கருவி எதையும் அளக்கும். படிகத்துக்கு வயது போனால் துடிப்பு மாறும், வெயில் ஏறினாலும் மாறும். எங்கள் உரும்பிராய் வீட்டு முன்னறைக்கு மேலே இருப்பது தகரக் கூரை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த அறையில் எனக்கே நெஞ்சு படபடக்கும், படிகத்தைச் சொல்லி என்ன பயன்.

கல்யாணத்துக்கு முதல் நான் கொழும்பில் ஓர் அளவீட்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஒரு மூலையில் ஒரு தலைப்பெட்டி இருக்கும். அது வானத்தில் சுற்றுகிற செய்மதிகளிடமிருந்து நேரத்தைக் கேட்டுத் தன் துடிப்பைத் திருத்திக்கொண்டே இருக்கும். பத்து மெகாஹேர்ட்ஸ், அதாவது ஒரு விநாடிக்கு ஒரு கோடித் துடிப்பு. அந்தத் துடிப்பை வயர் வழியாக எல்லாக் கருவிகளுக்கும் பகிர்ந்து கொடுப்பார்கள். அதைப் பெற்றதும் கருவி தன் சொந்தப் படிகத்தை விட்டுவிட்டு வெளித் துடிப்பைக் கேட்கத் தொடங்கும். முகப்பில் ஒரு பச்சை விளக்கு எரியும். பிறகு எல்லாம் ஒரே வாயால் பேசும்.

கல்யாணம் கட்டி ஊரோடு வந்த பிறகு, பழைய கருவிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து இந்தத் திருத்தகத்தைத் தொடங்கினேன். தலைப்பெட்டி வாங்குவது தள்ளிக்கொண்டே போனது. இல்லாமலும் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். சமாளித்தும் வந்தேன்.

என் கணவருக்குக் கோயில் ஒலிபெருக்கி வேலை. நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இங்கேயும் 'இவர்' என்றே எழுதுகிறேன். வைகாசியில் தொடங்கி ஆவணி முடியும்வரை இவரை வீட்டில் காண்பது அரிது. வலிகாமத்துக் கோயில்களில் பாதிக்கு இவருடைய குழாய்கள்தான் ஊதும். மாமரத்தில் ஒன்று, மின்கம்பத்தில் ஒன்று, தேர்முட்டியில் ஒன்று என்று ஒரே வயரில் தொங்கவிட்டுக்கொண்டு போவார். திருவிழாக்கள் முடிந்தால் மார்கழிவரை வேலை குறைவு. அந்த மாதங்களில் இவர் வீட்டில் எதையாவது திருத்துகிறேன் என்று நல்லாக இருப்பதையும் கழற்றுவார். என் மாமியார், அதாவது இவருடைய அம்மா, மிக்ஸியை ஒளித்து வைத்துவிடுவார்.

இப்படி ஒரு சும்மா இருந்த காலத்தில்தான் கட்டார் கதை வந்தது. இவருடைய சித்தப்பாவின் மகன் அங்கே இருக்கிறான். மின்சார வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவன் சொன்னான், இவர் விண்ணப்பித்தார், விசாவும் வந்துவிட்டது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம்.

அதே மாதத்தில்தான் குருநகரில் ஒரு மீனவர் சங்கம் தங்களுடைய படகு ரேடியோக்களை வருடாவருடம் பார்த்துத் திருத்த ஓர் இடம் தேடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. அது கிடைத்தால் திருத்தகத்தில் இரண்டு பேருக்கும் வருடம் முழுக்க வேலை இருக்கும். ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது இவர் சொன்னார்:

"சங்கம் செற்றுகளை உன்னட்டைத் தந்தால் நான் நிக்கிறன். தராட்டிப் போறன்."

"செற் தந்தாத்தான் நிப்பியளோ?"

"எனக்கும் ஒரு வேலை வேணுமெல்லே. எத்தினை நாளைக்கு உன்ரை மேசையைத் துடைச்சுக்கொண்டு இருக்கிறது?"

நியாயமான கதைதான். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுசன் நிற்பதும் போவதும் என்னில் இல்லை, குருநகர்ப் படகுகளில் இருக்கிறது என்றால் ஒரு பெண்சாதிக்கு எப்படி இருக்கும்? போகவேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. எனக்கு வீம்பு. கெஞ்சி ஆளைப் பிடித்து வைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். அடுத்த கிழமை இவர் யாழ்ப்பாணம் போய் ஒரு சூட்கேஸ் வாங்கி வந்தார். மாமி அதற்குள் பனம்பழப் பினாட்டும் மிளகாய்த்தூளும் வைக்கத் தொடங்கினார்.

சங்கத்தின் செயலாளர் ஓர் அக்கா. கடற்கரைக் குடும்பம், புருசனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். கழுத்தில் சிலுவை, கையில் ஒரு ரேடியோ செற், பஸ்ஸில் வந்து இறங்கினார். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

செற்றை முதலாவது கருவியில் கொழுவினேன். எண் வந்தது. சரிபார்த்துக் காட்டலாம் என்று அடுத்ததிலும் கொழுவினேன். சும்மா இருந்திருக்கலாம்.

"இதிலை வேறை நம்பர் காட்டுது," என்றார் அக்கா.

"ஓம் அக்கா. சின்ன வித்தியாசம் இருக்கும்."

"எது சரி?"

"ரெண்டும் கிட்டத்தட்டச் சரி."

"கிட்டத்தட்ட எண்டு கடலிலை போகேலாது தங்கச்சி. போன முறை எங்கடை ரெண்டு போட் பக்கத்திலை பக்கத்திலை நிண்டு கூப்பிட்டும் ஒண்டுக்கொண்டு கேக்கேல்லை. ரெண்டு செற்றையும் வேறை வேறை இடத்திலை குடுத்துத் திருத்தினது. ரெண்டு பேரும் சரி எண்டுதான் சொன்னவை."

எனக்கு வெட்கமாகிவிட்டது. உள்ளதைச் சொன்னேன். தலைப்பெட்டி ஒன்று இல்லாததுதான் காரணம், வாங்கிப் பூட்டினால் எல்லாம் ஒரே எண்ணைச் சொல்லும் என்று விளக்கினேன். அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாதக் கடைசிப் புதன்கிழமை திரும்ப வருவதாகவும் அந்த இரண்டு படகுச் செற்றுகளையும் கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அதே கிழமை வெள்ளிக்கிழமைதான் இவர் கட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள்.

கொழும்பிலிருந்து தலைப்பெட்டியை எடுப்பித்தேன். ஒரு செங்கட்டி அளவு. அதற்கு வானம் தெரிகிற இடத்தில் ஓர் அன்ரனா வேண்டும். இவர் தன் குழாய்க் கம்பம் ஒன்றைக் கூரைக்கு மேலே நட்டு அதன் உச்சியில் பூட்டினார். ஊரில் எல்லாரும் இவர் வீட்டுக்கே ஒலிபெருக்கி கட்டிவிட்டார் என்று நினைத்தார்கள். மாமி முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"பிள்ளை, உது என்னத்தைப் பிடிக்குது?"

"நேரத்தைப் பிடிக்குது மாமி. வானத்திலை இருந்து வருது. கொஞ்சமும் பிசகாது."

"அப்ப ராகுகாலமும் சொல்லுமோ?"

"அது சொல்லாது."

"பேந்தென்ன நேரம்," என்று சொல்லிவிட்டு மாமி கோழிகளைத் துரத்தப் போனார்.

பெட்டியில் துடிப்பு வெளியே வர ஒரே ஒரு வழிதான் இருந்தது. கேட்க ஆறு கருவிகள். முறையாகச் செய்வதென்றால் நடுவில் ஒரு பகிர்வுப் பெட்டி வைத்து ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வயர் இழுக்க வேண்டும். அந்தப் பெட்டி அடுத்த மாதம்தான் வரும் என்றார்கள். அதுவரைக்கும் வேறு வழி இருக்கிறது. ஒரே வயரைக் கருவிகளின் முதுகுப்பக்கமாகக் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் ஒரு மூன்று வாய் மூட்டைப் பூட்டி, வயர் முடிகிற இடத்தில் ஒரு தடையைப் போட்டுவிட வேண்டும். அந்தத் தடை கடைசிவரை போன துடிப்பை வாங்கி அடக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அது வந்த வழியே திரும்பி ஓடிக் குழப்பம் செய்யும்.

இதை இவருக்குச் சொன்னபோது முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரே வயர், அதிலை வரிசையா எல்லாம் தொங்கவேணும். அவ்வளவுதானே? இதைத்தானே நான் பிறந்ததிலை இருந்து செய்யிறன்!"

"இது குழாயில்லை. நான் சொன்னபடி செய்தால் போதும்."

"நீ கொடிகாமத்துக்குப் போட்டு வா. வரேக்கை எல்லாம் வடிவா இருக்கும்."

கொடிகாமத்தில் என் கூடப்பிறந்த அக்காவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. போகாமல் இருக்க முடியாது. சனி, ஞாயிறு அங்கே நின்றுவிட்டுத் திங்கள் காலை பஸ் ஏறினேன். பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க அந்த வயரையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால் உண்மையிலேயே வடிவாக இருந்தது. நான் செய்திருந்தால் இப்படி வந்திராது. வயர் ஓரிடத்திலும் தொய்யவில்லை, ஓரிடத்திலும் முறுக்கவில்லை. ஒவ்வொரு மூட்டுக்குப் பக்கத்திலும் வெள்ளை நாடா ஒட்டி எந்தக் கருவி என்று எழுதியிருந்தார். சுவரில் கிளிப் அடித்து, அலுமாரிக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுபோய், கடைசியில் நான் கொடுத்த தடையையும் மறக்காமல் போட்டிருந்தார். தன் மகள் அரங்கேறுகிற மேடைக்கு வயர் இழுத்தது போல் நின்றுகொண்டிருந்தார்.

"போடட்டோ?" என்றார்.

"போடுங்கோ."

தலைப்பெட்டியில் விளக்கு எரிந்தது. முதலாவது கருவியில் பச்சை வந்தது, இரண்டாவதிலும் வந்தது. மூன்றாவது கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் மூச்சே விடவில்லை.

அன்று பின்னேரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்தோம். இவர் மீற்றரை எடுத்து வயரின் இரண்டு தலையிலும் வைத்தார். மீற்றர் கீங் என்று கத்தியது.

"பார், வயரிலை பிழையில்லை. உன்ரை மெசினிலைதான் பிழை."

"என்ரை மெசின் எல்லாம் நல்லாத்தான் இருக்குது. உங்கடை மூட்டிலை எங்கையோ பிழை."

"என்ரை மூட்டோ? நல்லூர் வெயிலுக்கும் மழைக்கும் நிண்டு பிடிக்கிற மூட்டு!"

"மீற்றர் பாக்கிறது வயர் அறுந்திருக்கோ எண்டு மாத்திரந்தான். ஒரு விநாடிக்கு ஒரு கோடித் தரம் துடிக்கிறது எப்பிடிப் போகுது எண்டு அதுக்கென்ன தெரியும்?"

"அப்ப உனக்குத் தெரியுமெல்லே. சொல்லன்."

எனக்குத் தெரியவில்லை. மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினேன். தடையை மாற்றினேன். செவ்வாய்க்கிழமை காலையும் அதே கதை. மாமி இரண்டு பேருக்கும் சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு, இந்த வீட்டில் குழாய் கட்டாமலே சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு கோயிலுக்குப் போனார். புதன்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

கடைசியில் இவரோடு வாதாடுவதை விட்டுவிட்டு, அலைகாட்டியை எடுத்து ஒவ்வொரு மூட்டிலும் துடிப்பின் உயரத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். தலைப்பெட்டிக்குப் பக்கத்தில் நல்ல உயரம். அடுத்ததில் கொஞ்சம் குறைவு. மூன்றாவதில் பாதியும் இல்லை. அலுமாரியை நெருங்க நெருங்கத் தரையோடு ஒட்டிப்போனது. அலுமாரிக்கு அங்கால் ஒன்றுமே இல்லை. ஆக, ஏதோ ஒன்று அலுமாரிக்குப் பின்னால் இருந்துகொண்டு எல்லாவற்றையும் விழுங்குகிறது.

அலுமாரியை இழுத்தேன். பின்னால் நான் சொல்லாத ஒரு மூட்டு இருந்தது. அதிலிருந்து ஒரு வயர் பிரிந்து, வட்டமாகச் சுற்றப்பட்டு, ஓர் ஆணியில் தொங்கியது. அதன் நுனியில் ஒன்றும் இல்லை. மழை படாமல் கட்டுவது போல நுனிக்கு ஒரு பொலித்தீன் பை சுற்றி நாடா ஒட்டியிருந்தது.

"இஞ்சை வாங்கோ," என்றேன். "இதென்ன?"

எட்டிப் பார்த்தார். "அது வால்."

"என்ன வால்?"

"நாங்கள் கோயிலிலை எப்பவும் ஒரு வால் விடுறது. எல்லாம் கட்டி முடிய ஆரும் வந்து, தம்பி, மடப்பள்ளிப் பக்கமும் ஒரு குழாய் போடு எண்டு கேப்பினம். அப்ப திரும்ப வயரை வெட்டிக்கொண்டு நிக்கேலாது. மூண்டு பாகம் விட்டு வைச்சால் எங்கையும் எட்டும்."

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். இவர்கள் வயரை அப்படித்தான் அளப்பார்கள்.

"இது என்ன கோயிலோ? இஞ்சை ஆர் வந்து குழாய் கேக்கப்போகினம்?"

 இவர் மீற்றரின் வயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"நீதான் கேப்பாய். சும்மா இருக்கிற ஆளே நீ? இன்னொரு மெசின் வாங்குவாய். அப்ப நான் இஞ்சை இருக்கமாட்டன். அலுமாரியை இழுத்து வயர் போட உனக்கு ஆர் இருக்கினம்? அம்மாவோ? அதுதான் விட்டு வைச்சனான். கொண்டுவந்து கொழுவ வேண்டியதுதான்."

 செற் தந்தால் நிற்கிறேன் என்று சொன்ன மனுசன், தான் இல்லாத வீட்டில் நான் தனிய நின்று வயர் இழுக்கிறதை மனதில் பார்த்து, அதற்கு ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார். போகிறதுக்கு என்னவோ துள்ளிக்கொண்டு நிற்கிறார் என்றல்லவா நான் இவ்வளவு நாளும் நினைத்தேன்! அலுமாரிக்குப் பின்னால், ஒட்டறைக்குள், நிலத்தில் இருந்து அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். எங்கள் ஊரில் பெண்களுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்ய நன்றாகத் தெரியும்.

"மூண்டு பாகம்! ஒரு பாகம் விட்டிருக்கேலாதோ? இல்லாட்டி நாலு பாகம்?"

"ஏன், மூண்டுக்கு என்ன? அதிலைதான் ஒண்டும் கொழுவேல்லையே. சும்மா தொங்கிற வயர் என்ன செய்யும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினேன். இவ்வளவு வேகமாகத் துடிக்கிற ஒன்றுக்குச் சும்மா தொங்குகிற வயரும் ஒரு பாதைதான். துடிப்பு அந்த வாலுக்குள்ளும் ஓடும். நுனியில் வாங்க ஒருவரும் இல்லாததால் அப்படியே திரும்பி வரும். போய்வருகிற நேரத்துக்குள், மூட்டில் புதிதாக வருகிற துடிப்பு நேர் எதிராக மாறியிருக்கும். ஏறுகிறதும் இறங்குகிறதும் அந்த இடத்தில் மோதி ஒன்றையொன்று அழித்துவிடும். எந்த நீளத்துக்கும் இது இவ்வளவு சரியாக நடக்காது. நான் வாலை அளந்து பார்த்தேன். ஐந்து மீற்றருக்கு ஒரு விரற்கடை குறைவு. பத்து மெகாஹேர்ட்ஸைக் கொன்றுபோட இந்த வயரில் வேண்டிய நீளமே அதுதான். இவருக்குக் கை கொஞ்சம் குட்டை. நெடுத்த மனுசனைக் கட்டியிருந்தால் எங்களுக்கு இவ்வளவு பாடு வந்திராது.

"எனக்கு நம்பிக்கையில்லை," என்றார்.

"கழட்டிப் பாருங்கோ."

கழற்றினார். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் பச்சையாகின. இவர் வாயைப் பிளந்தார். திரும்பக் கொழுவினார், அணைந்தன. கழற்றினார், எரிந்தன. அதற்குப் பிறகு என்னை மறந்துவிட்டார். கொழுவுவதும் கழற்றுவதுமாக, விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை போல நின்றார். கோயிலால் வந்த மாமியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார்.

"பாரணை அம்மா! இந்த வயர் ஒரு வேலையும் செய்யேல்லை. சும்மா தொங்குது. எண்டாலும் முழுக்கத் தின்னுது."

மாமி வயரைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். "அது எனக்குப் புதினமில்லை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. இவரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் அந்த வாலை நன்றாகச் சுற்றி மேசை லாச்சிக்குள் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "நாளைக்கு அக்கா வருவாவெல்லே," என்றார். "வருவா," என்றேன்.

புதன்கிழமை அக்கா இரண்டு செற்றோடு வந்தார். இம்முறையும் கதிரையில் இருக்கவில்லை. முதற் செற்றை ஒரு கருவியில் கொழுவினேன், எண் வந்தது. அடுத்ததில் கொழுவினேன். கடைசி இலக்கம்வரை அதே எண். இரண்டாவது செற்றையும் அப்படியே பார்த்தேன். இரண்டு கருவிகளும் ஒரே பதிலைச் சொல்லின. அந்தச் செற்தான் தன் இடத்தை விட்டு நன்றாக விலகி நின்றது என்று தெரிந்தது. திறந்து திருத்தி, திரும்பவும் அளந்து காட்டினேன். இப்போது இரண்டு செற்றும் ஒரே இடத்தில் நின்றன.

அக்கா நாடியில் கை வைத்து யோசித்தார்.

"எல்லாம் அந்தச் சின்னப் பெட்டியைக் கேட்டுத்தானே சொல்லுதுகள்?"

"ஓம் அக்கா."

"அப்ப அந்தப் பெட்டி பிழைச்சால்? எல்லாம் ஒண்டாப் பிழைக்குமெல்லே?"

நல்ல கேள்வி. கொழும்பில் எங்களுக்குப் படிப்பித்தவர்கள் முதல் நாளே சொன்ன பயம் அதுதான். "பெட்டிக்கு வானம் தெரியாமல் போனால் இந்த விளக்கு மஞ்சளா மாறும் அக்கா. மாறினால் நான் அண்டைக்கு அளக்கமாட்டன். திருப்பி அனுப்புவன்."

"அப்பிடிச் சொல்லு. பிழைச்சால் பிழைச்சது எண்டு சொல்லுற ஆள்தான் எங்களுக்கு வேணும்." எனக்கு உயிர் வந்தது. ஆனால் அக்கா இன்னும் முடிக்கவில்லை. "இன்னொரு விசயம். செற்றுகளைப் போட்டிலை இருந்து கழட்டிக் கொண்டுவாறது ஆர்? அன்ரனா வயர் எல்லாம் உப்புப் பிடிச்சுக் கிடக்குது. கம்பத்திலை ஏறி அதையும் பாக்கவேணும். ஏறி இறங்கிற ஆள் ஒராள் வருசம் முழுக்க வேணும். உன்ரை மனுசன் செய்வார் எண்டுதான் நினைச்சனான். இப்ப அவர் வெளிநாடு போறாராம் எண்டு கேள்வி."

 இவர் கதவடியில் நின்றார்.

"அவர் நிண்டால் தருவம்," என்றார் அக்கா. "இல்லாட்டி வேறை இடந்தான் பாக்கவேணும். குறை நினையாதை தங்கச்சி."

செற் வந்தால் நிற்கிறேன் என்று இவர் சொல்லியிருந்தார். நின்றால் செற் தருகிறேன் என்று அக்கா சொல்கிறார். யாராவது ஒருவர் மற்றவரைப் பார்க்காமல் முதலில் சொல்ல வேண்டும். நான் இவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து, திருத்திய செற்றின் மூடியை எடுத்துப் பூட்டத் தொடங்கினேன். நில்லுங்கோ என்று சொல்ல அப்போதும் வீம்பு விடவில்லை.

"ஒரு நிமிசம் இருங்கோ அக்கா," என்று சொல்லிவிட்டு இவர் தொலைபேசியோடு வெளியே போனார். கிணற்றடியில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். முன்னறை யன்னல் அந்தப் பக்கம்தான் திறந்திருந்தது. இவருக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது.

"தம்பி, நான்தான். நான் வரேல்லையடா... ஓம், விசா வந்தது தெரியும்... ஓம், நல்ல கொம்பனிதான், நான் குறை சொல்லேல்லை... இல்லை, சங்கம் இன்னும் தரேல்லை. தரட்டும், விடட்டும்... என்ன காரணமோ?"

 கிணற்றுக் கப்பி ஆடுகிற சத்தம் கேட்டது.

"அவளை விட்டிட்டு என்னாலை இருக்கேலாதடா. அதுதான் காரணம். வேறை ஒண்டுமில்லை."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இவர் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. இப்போதும் என்னிடம் சொல்லவில்லை. கட்டாருக்குத்தான் சொன்னார். எனக்கும் கேட்டது, அக்காவுக்கும் கேட்டது, குசினிக்குள் மாமிக்கும் கேட்டது. பக்கத்து வளவில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

திரும்பி வந்தவர், ஒன்றும் நடக்காத மாதிரி அக்காவிடம், "எத்தினை போட் அக்கா? ஏணி அங்கை இருக்கோ, நான் கொண்டுவரவேணுமோ?" என்று கேட்டார்.

"ஏணி அங்கை இருக்குது," என்ற அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூடியைப் பூட்டப் பார்த்தேன். ஸ்குறூ துளைக்குள் இறங்கவே இல்லை, இரண்டு தரம் கையிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. அக்கா குனிந்து அதை எடுத்தார். ஸ்குறூ ட்றைவரையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ இரு தங்கச்சி," என்று சொல்லி, அந்த மூடியைத் தானே பூட்டினார்.